கோலத்துக்கும் புள்ளி உண்டு

ஈப்போ
2 பிப்ரவரி 1986

அண்ணி அவர்களுக்கு,

நல்லம்மாள் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டதால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளியன்று என் வீட்டில், என்னிடம் படிக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், என் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு "இது சர்க்யூட்டோ, கோலமோ?" என்று கேட்டீர்கள். அன்றைக்குத் தின்ற முறுக்கெல்லாம் செரித்துவிட்டது. அந்தப் பேச்சு இன்னும் செரிக்கவில்லை. அண்ணன் உங்களைக் கட்டியதால், என்னைவிட இளையவரை அண்ணி என்று அழைக்கிறேன். அந்த மரியாதையில் குறை வைக்க மாட்டேன். பாசத்தை மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

வேலை ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் லைன் லீடராக இருக்கும் ஜெலாப்பாங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வருகிறது. கையால் பற்றவைக்கும் எங்கள் வரிசைகளை எடுத்துவிட்டு இயந்திரம் போடப் போகிறார்கள். அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளத் தொழில்நுட்பர்கள் வேண்டுமாம். ஜூன் கடைசியில் பரீட்சை. சூப்பர்வைசர் வந்து சொன்னது இவ்வளவுதான்: "பாஸ் பண்ணா இரு. பாஸ் பண்ணலன்னா பாலேக் கம்போங்லா." எந்தக் கம்போங்குக்கு, எந்த ஊருக்குத் திரும்பிப் போவது? என் வரிசையில் பாதிப் பேர் செமோர் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாயிற்று. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்துவிட்டது. அந்த வீடுகளில் மாதச் சம்பளம் என்று வருவது இந்தப் பெண்கள் கொண்டுபோவது மட்டும்தான்.

பரீட்சையில் எழுத்து வேலை குறைவு. ஒரு சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்து, பார்த்துப் பலகையில் கட்டச் சொல்வார்கள். எங்கள் பெண்களுக்குக் கைவேலை சுத்தம். படம் படிக்கத்தான் தெரியாது. கடையில் இருக்கும் புத்தகங்கள் ஆங்கிலம், இல்லாவிட்டால் மலாய். தமிழ்ப் பள்ளியோடு நின்றுபோன என் வரிசை ராக்காயிக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் தமிழில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செமோர் கோயில் மண்டபத்தில் வகுப்பும் நடத்துகிறேன்.

உங்கள் பாயான் லெப்பாஸ் வேலையிடத்தில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். சர்க்யூட்டைத் திரையில் வரைந்தால், கட்டிப் பார்க்காமலே அது ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுமாம். அதே படத்தைத் தாளிலும் எடுத்துத் தருமாம். என் படங்களை அனுப்புகிறேன். ஓட்டிப் பார்த்து, அச்சுக்குப் போகிற தரத்தில் எடுத்துத் தாருங்கள். கோலம் என்று சொன்ன வாயாலேயே சர்க்யூட் என்று சொல்ல வைக்காமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
ச. நல்லம்மாள்


பினாங்கு
13 பிப்ரவரி 1986

அன்புள்ள மச்சாளுக்கு,

கணவரின் தங்கையை எங்கள் வீடுகளில் மச்சாள் என்றுதான் சொல்வோம். உங்கள் காதுக்கு அது பிடிக்காது என்று தெரியும். எனக்கு வேறு சொல் வாயில் வருவதில்லை.

நான் கோலம் என்றதை எழுதினீர்கள். நீங்கள் சொன்ன பதிலை எழுதவில்லை. "எங்க தாத்தா இருட்டுல பெரட்டுக்கு நின்னப்போ, ஒங்க தாத்தா நாக்காலியில ஒக்காந்து பேரு போட்டவருதான? ஒங்களுக்கு எங்க கோலம் எப்படி வெளங்கும்?" என்றீர்கள். என் தாத்தா விஸ்வலிங்கம் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்தவர். உண்மைதான். அதிகாலைப் பெரட்டில் உங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயரைக் கூப்பிட்டு எழுதியவரும் அவர்தான். அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்று திரும்பிப் போகும் வழியெல்லாம் அழுதேன். உங்கள் அண்ணனைக் கேளுங்கள்.

இனி வேலையைப் பற்றிக் கதைப்போம். செய்கிறேன். இரண்டு நிபந்தனை. இங்கே ஓடிக் காட்டாத எந்தச் சர்க்யூட்டும் புத்தகத்தில் வரக்கூடாது. இங்கிருந்து வரும் படத்தின் மேல் யாரும் கையால் ஒரு கோடும் இழுக்கக்கூடாது. கையால் பார்த்து வரைந்தால் எங்காவது ஒரு கம்பி இடம் மாறும். சோதித்தது ஒன்று, அச்சானது வேறு என்று ஆகிவிடும்.

முதல் நான்கைந்தை ஓட்டினேன். உங்கள் ஒலிபெருக்கிச் சர்க்யூட் பிழை. அறை குளிராக இருக்கும்போது ஓடுகிறது. வெப்பத்தை ஏற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் தத்தளிக்கிறது. ஒரு ரெசிஸ்டர் கூடுதலாக வேண்டும். மற்றவை சரி. நன்றாகவே இருக்கின்றன.

மாதிரிக்குச் சில தாள்கள் வைத்திருக்கிறேன். ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அடிக்கும் சாதாரணப் பிரிண்டரில் எடுத்தவை. சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டுப் போல விழும். எண்களைச் சரிபார்க்க மட்டும்தான் இவை. அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சாரதாதேவி


ஈப்போ
25 பிப்ரவரி 1986

அண்ணி அவர்களுக்கு,

கொண்டுபோகாதே என்றால் கொண்டுபோகிற சாதி நான். அச்சகக்காரர் சிரித்தார். டிரான்சிஸ்டரின் அம்புக்குறியை எலி கடித்த மாதிரி இருக்கிறது என்றார். பெரிதாக்கிப் பார்த்தால் பத்து மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற படிகள்தான். நீங்கள் சொன்னது சரி. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "மெஷினுக்கு என்னா தெரியும், நான் கட்டிக் கேட்டிருக்கேன்லா" என்று ராக்காயியிடம் கத்திவிட்டு, மண்டபத்தில் மறுபடி கட்டினேன். காலையில் கணீர் என்று பாடியது. "பாத்தியா?" என்றேன். மண்டபத்துக்குக் கூரை தகரம். உச்சிவெயில் ஏறியதும் பாடகர் குரல் தவளைக் குரலாகிப் போனது. ராக்காயி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டேன். மத்தியானமும் பாடுகிறது.

ராக்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கை வேகமென்றால் அவ்வளவு வேகம். ஆனால் தாளைக் கண்டால் பயம். பள்ளியில் அவளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அதை அவள் நம்பிவிட்டாள். அப்பாவுக்குப் பத்து காஜா ஆஸ்பத்திரியில் வைத்தியம். வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறாள். படம் பளிச்சென்று இருந்தால் அவள் பயம் போகும். அதனால்தான் படிக்கட்டெல்லாம் எனக்கு ஆகாது. நேர்கோடு நேராக இருக்க வேண்டும். என்ன செய்வீர்களோ, செய்யுங்கள்.

தாத்தா பேச்சை நான் எடுத்திருக்க வேண்டாம். அழுதீர்கள் என்று எனக்குத் தெரியாது.

நல்லம்மாள்


பினாங்கு
22 மார்ச் 1986

அன்புள்ள மச்சாளுக்கு,

தாமதத்துக்குக் காரணம் பேனா.

இங்கே வரைபடப் பிரிவில் பிளாட்டர் என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. அது புள்ளி குத்தாது. மனிதரைப் போல உண்மையான பேனாவைப் பிடித்து, கோட்டை ஒரே இழுப்பில் இழுக்கும். வளைவு வளைவாகவே வரும், படிக்கட்டு இல்லை. மேலாளரிடம் கேட்டு, சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் பாவிக்க அனுமதி வாங்கினேன். முதல் சனிக்கிழமை மை உறைந்து பாதிக் கோடு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சாதாரணத் தாளில் மை ஊறி, ரெசிஸ்டரெல்லாம் மீசை முளைத்து நின்றது. பிறகு வழவழப்பான டிரேசிங் தாள் கண்டுபிடித்து, பேனாவின் வேகத்தைக் குறைத்தேன். வேகமாக ஓடினால் கோடு மெலியும், மெதுவாகப் போனால் ஒரே கனமாக விழும். உங்கள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நம்ம பெரியப்பா மாட்டு வண்டிகூட இத விட வேகமாப் போகும் சாரதா" என்றார். போகட்டும் என்றேன்.

படங்களைப் புத்தக அளவைவிட இரண்டு மடங்காக வரைந்திருக்கிறேன். அச்சகத்தார் கேமராவில் பாதியாகச் சுருக்க வேண்டும். சுருக்கும்போது சிறு பிசிறுகள் மறைந்து கோடு கூர்மையாகும். ஆனால் கோட்டின் கனமும் பாதியாகும் அல்லவா, அதனால் கம்பிகளுக்குத் தடித்த பேனா போட்டேன். எண்களையும் பெரிதாக்கினேன்.

தமிழ் எழுத்து இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. பாகங்களின் பெயர் வரும் இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். அச்சகத்தில் தமிழ் அச்செழுத்தைக் கோத்து எடுத்து, அளவாக வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் கை வைக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்பிகள் சேருமிடத்தில் கருப்புப் புள்ளி இருக்கும். புள்ளி இருந்தால் இணைப்பு. இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தொடாமல் தாண்டிப் போகிறது என்று பொருள். பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் அண்ணன் ரயிலில் கொண்டுவருகிறார். சுருளை மடித்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைப் போல.

சாரதாதேவி


ஈப்போ
1 ஏப்ரல் 1986

அண்ணிக்கு,

வந்து சேர்ந்தது. அண்ணன் ஈப்போ ஸ்டேஷனில் இறங்கும்போதுகூடச் சுருளை என்னிடம் தரவில்லை. "ஓய், கைய தொடச்சிட்டுத் தொடு" என்றான்.

மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னுடைய சர்க்யூட்கள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், என் கிறுக்கலைப் பார்த்து நீங்கள் கோலம் என்று கேட்டதில் ஆச்சரியமில்லை. இதைச் சந்தோஷத்தில் எழுதுகிறேன், நாளைக்கு மாற்றிப் பேசினாலும் பேசுவேன்.

பெயர்களை ஒட்டி அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். கேமராவில் சுருக்கிப் பிலிம் எடுத்த பிறகு, அதில் விழுந்த தூசி, பொட்டு எல்லாவற்றையும் மெல்லிய தூரிகையால் மறைத்துச் சுத்தம் செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஆ மூய் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கைபட்டுத்தான் பளிச்சென்று வருமாம். இது பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டு விஷயம், சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நல்லம்மாள்


ஈப்போ
27 ஏப்ரல் 1986

அண்ணி அவர்களுக்கு,

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அச்சடித்த தாள்கள் நேற்று வந்தன. கட்டு கட்டாக. பார்க்க அவ்வளவு அழகு. இன்றைக்கு வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, நான் வாயே திறக்காமல், படத்தைப் பார்த்துக் கட்டுங்கள் என்றேன். நீங்கள் எழுதியதை முதல் வேலையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: புள்ளி இருந்தால் சேரும், இல்லாவிட்டால் தாண்டும். ராக்காயிதான் முதலில் முடித்தாள். பேட்டரியைக் கொடுத்தாள். டிரான்சிஸ்டர் சூடாகிப் புகைந்தது. அவள் விரலும் சுட்டது.

படத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. படத்தில் உள்ளபடியே கட்டியிருக்கிறாள். கம்பிகள் குறுக்கே போகிற இடம் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. சேர வேண்டியதெல்லாம் சேராமல் தாண்டிப் போகிறது. மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். அதே கதை. உங்கள் மெஷின் புள்ளி வைக்க மறந்துவிட்டது!

ராக்காயி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நாந்தான் சொன்னேன்லக்கா, எனக்கு மண்டையில ஏறாதுன்னு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படம் தப்பு, நீ சரி என்று பின்னாலேயே ஓடிச் சொன்னேன். "புஸ்தகம் தப்பா இருக்குமாக்கா?" என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சிரித்தாள். நான் அவளைத் தேற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

கோலத்துக்கும் புள்ளி உண்டு அண்ணி. புள்ளி வைத்துத்தான் கோலம் போடுவோம். உங்கள் சர்க்யூட்டில் அதுகூட இல்லை.

நல்லம்மாள்


பினாங்கு
30 ஏப்ரல் 1986
விரைவுத் தபால்

மச்சாளுக்கு,

ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நான் வைத்திருக்கிறேன். இப்போது முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். புள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே இருக்கின்றன.

பாதியாகச் சுருக்கியதில் காணாமல் போகுமா என்று கணக்குப் பார்த்தேன். போகாது. கம்பியைவிடப் பெரிய புள்ளி, கம்பி இருக்கும்போது எப்படிப் போகும்? மங்கினாலும் ஒன்றிரண்டு மங்கும். எல்லாம் ஒன்றாக மறைவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

நான் அனுப்பிய மூலப் படங்களை அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கிப் பாருங்கள். பிறகு பிலிமைப் பாருங்கள். எந்த இடத்தில் மாறியது என்று தெரிந்துவிடும். என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகும் செய்யலாம், நான் எங்கேயும் ஓடிப் போகமாட்டேன்.

அந்தப் பிள்ளையின் விரல் எப்படி இருக்கிறது?

சாரதாதேவி


ஈப்போ
5 மே 1986

அண்ணிக்கு,

உங்கள் படத்தில் புள்ளி இருக்கிறது. பிலிமில் இல்லை.

ஆ மூயிடம் போய் நின்றேன். அவர் பெருமையோடு பிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்துக் காட்டினார். "பாஞ்ஞாக் கொத்தோர்லா இது. எல்லாம் சாயா சூச்சி" என்றார். ரொம்ப அழுக்காக இருந்ததாம், எல்லாவற்றையும் அவரே கழுவிவிட்டாராம். கோடுகள் சேருமிடமெல்லாம் பேனாவிலிருந்து மை கொட்டியது போல உருண்டை உருண்டையாக இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் தூரிகை வைத்து மறைத்து, கோட்டை நேராக்கியிருக்கிறார். கண் வலிக்க வலிக்கச் செய்தேன் என்றார். மாலைக்குள் தீரும் வேலைக்கு ஒரு வாரம் உட்கார்ந்தாராம், "டீச்சர் சுத்தமா வேணும்னு சொன்னாங்க" என்று.

டீச்சர் சொன்னதுதான். நான்தான் சொன்னேன். சுத்தம் சுத்தம் என்று அவர் காதில் ஓதியவள், கருப்புப் பொட்டெல்லாம் இணைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டால் அடுத்த முறையும் கழுவுவாரே என்று கடைசியில் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. பாவமாக இருந்தது.

உங்களைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இது அண்ணனுக்காக இல்லை, நானாகக் கேட்கிறேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். தாள் கட்டுகளைக் குப்பைக்குப் போடச் சொன்னார் அச்சகக்காரர். எனக்கு ஆத்திரம். ஒரு தாளும் குப்பைக்குப் போகாது என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். உங்கள் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு தாளிலும் புள்ளி வைக்க உட்கார்ந்தேன். கையால் தொடக்கூடாது என்பது உங்கள் சட்டம், ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை. அதற்குள் ராக்காயியை அவள் தங்கை இழுத்துக்கொண்டு வந்தாள். மூலப்படத்தையும் அச்சுத் தாளையும் அவள் முன்னால் போட்டேன். மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் தப்பா கட்டலையாக்கா?"

"நீ தப்பா கட்டலடி. நானும் அச்சகத்து அம்மாவுந்தான் தப்பு பண்ணோம்."

அப்புறம் ஒரு தாளை இழுத்து, "நானும் வக்கிறேன், எங்கெங்க வக்கணும்?" என்றாள். நான் மூலப்படத்தை மடித்து என் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "நீயே சொல்லு" என்றேன். முழித்தாள். பிறகு விரலைக் கம்பிமேல் வைத்து நடக்க ஆரம்பித்தாள். இங்கே சேராவிட்டால் இந்த ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை. இங்கே சேர்ந்தால் பேட்டரி நேராகக் கீழே இறங்கிவிடும். அப்படியே ஒவ்வொன்றாக. கடைசிப் புள்ளி வைக்கும்போது அவளுக்கு வியர்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் இதே வேலைதான். புள்ளி இல்லாத தாளைக் கொடுத்து, புள்ளி வை, ஏன் வைத்தாய் என்று சொல். விரல் ஆறிவிட்டது.

நல்லம்மாள்


பினாங்கு
19 மே 1986

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை உங்கள் அண்ணனுக்கு உரக்க வாசித்தேன்.

பிழை உங்களுடையது மட்டுமில்லை. ஆ மூய் அம்மாவுடையதும் மட்டுமில்லை. ஒரு சின்னப் பொட்டைத் துடைத்தால் பொருளே மாறிவிடுகிற படத்தை அனுப்பியவள் நான். தூசிக்கும் இணைப்புக்கும் ஒரே உருவம் கொடுத்தேன். அவர் எப்படிப் பிரித்தறிவார்? என் வேலையிடத்தில் எல்லாரும் எஞ்சினியர்கள், அதனால் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி வரைகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள், பாதி முடிந்துவிட்டது.

இம்முறை ஒரு சந்தியில் மூன்று கம்பிக்கு மேல் சேராது. நான்கு சேர வேண்டியிருந்தால், ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்து இரண்டு முச்சந்தியாக்கிவிடுகிறேன். ஒரு கம்பி வந்து முட்டி நின்றால் அது இணைப்புத்தான், புள்ளி அழிந்தாலும். தாண்டிப் போகும் கம்பி, அடுத்ததன் மேல் சின்னப் பாலம் போல வளைந்து தாண்டும். புள்ளியும் இருக்கும். ஆனால் எவர் துடைத்தாலும் படம் சொல்ல வந்ததைச் சொல்லும்.

பாலம் போட எங்கள் புரோகிராமுக்குத் தெரியாது. ஆனால் படத்தை நேராகப் பிளாட்டருக்கு அனுப்பாமல் ஒரு கோப்பாகக் கம்ப்யூட்டர் வட்டில் எழுதி வைக்க அதனால் முடியும். அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே படமில்லை, கட்டளைகள்தான்: பேனாவைத் தூக்கு, இங்கே போ, பேனாவை இறக்கு, அதுவரை இழு. கம்பிகள் குறுக்கிடும் இடங்களைத் தேடி, அங்கே நேர்கோட்டை நிறுத்தி ஓர் அரைவட்டத்தைச் செருக, நானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். முதல் நாள் எல்லாப் பாலமும் தலைகீழாகத் தொங்கியது. இப்போது நிமிர்ந்துவிட்டது.

ஜூன் பரீட்சைக்குமுன் அச்சாகி வராது. அது என்னை வருத்துகிறது. அதுவரை அந்தப் புள்ளியில்லாத் தாள்களை விடாதீர்கள். நான் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அதைவிட நல்ல பாடம் அமையாது.

கோலம் என்று நான் கேட்டது ஏளனம்தான். அப்போது உங்கள் வேலையை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. என்னை மன்னியுங்கள். அட்டையில் என் பெயர் வேண்டாம். புத்தகம் உங்களுடையது.

சாரதாதேவி


ஈப்போ
20 ஜூலை 1986

அன்புள்ள அண்ணிக்கு,

முடிவு வந்துவிட்டது. பெயர்ப் பட்டியல் கேண்டீன் சுவரில் ஒட்டியிருந்தது. என்னால் கிட்டப் போக முடியவில்லை. ராக்காயிதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நானும் சேர்ந்து இரண்டையும் செய்தேன்.

தேறிவிட்டாள் அண்ணி. நம் வகுப்பில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். கருப்பம்மாளும் முத்தம்மாவும் தேறவில்லை. அவர்களுக்கு வேலை போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு ஆறாது. இரண்டு பேரையும் ஞாயிறு வகுப்பிலிருந்து விடவில்லை. அடுத்த பரீட்சை எந்தத் தொழிற்சாலையில் வந்தாலும் எழுத வைப்பேன்.

பரீட்சை அறையில் நடந்ததை நம் வகுப்பு இருளாயி சொன்னாள், அவள் பக்கத்து மேசையில் இருந்தாள். கொடுத்த படம் நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன தாளாம். பாதிப் புள்ளி தெரியவில்லை. மற்றவர்கள் கம்பியை வெட்ட ஆரம்பித்தபோது ராக்காயி மட்டும் பேனாவை எடுத்து, விரலைக் கம்பிமேல் நடத்தி, தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாளாம். மேற்பார்வையாளர் வந்து, "ஓய், அப்பா புவாட்?" என்று அதட்டினாராம். என்ன செய்கிறாய் என்று. இவள் தலை நிமிராமல், "இங்க சேரணும் சார். சேரலன்னா எரிஞ்சி போயிரும். எனக்குத் தெரியும், எரிச்சிருக்கேன்" என்றாளாம். அதைப் பார்த்து நம் பெண்கள் எல்லாரும் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்களாம்.

தாளைக் கண்டு பயந்த பெண், அண்ணி.

புது இயந்திரப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். லயத்தைக் காலி செய்துவிட்டு ஈப்போவிலேயே ஒரு அறை பார்த்திருக்கிறார்கள், அப்பாவோடு.

உங்கள் புதுப் படங்கள் அச்சுக்குப் போய்விட்டன. பாலங்கள் என்ன அழகு. புத்தகம் அடுத்த மாதம் வருகிறது. முதல் கட்டு பத்து காஜா பக்கத்துக்குப் போகிறது, அங்கேயும் ஒரு வகுப்பு தொடங்கப் போகிறோம். பெயர் வேண்டாம் என்றீர்கள். கொண்டுபோகாதே என்றால் கொண்டுபோகிற சாதி நான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரே வரியில் இரண்டு பெயரும் இருக்கிறது.

ஆ மூய் இப்போது எதையும் தானாகத் துடைப்பதில்லை. ஒவ்வொரு பொட்டையும் காட்டி, "இனி மாவ் கா, தக் மாவ்?" என்று கேட்கிறார். இது வேண்டுமா, வேண்டாமா என்று. நேற்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன். கடைசியாக முதல் பக்கத்தின் பிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்தார். உங்கள் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு பொட்டு. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

குனிந்து நன்றாகப் பார்த்தேன். தூசிதான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மச்சாள்,
நல்லம்மாள்